தவளை தனியாக நின்ற சார்ட்டு

போன மாதம் எங்கள் பழைய பிரஸ்ஸில் பரணைச் சுத்தம் செய்தார்கள். வேலையை விட்டுப் போனவர்களையும் கூப்பிட்டு டீ கொடுக்கும் நல்ல பழக்கம் அங்கே உண்டு. போயிருந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் வேலை பார்க்கும் பெண்கள் நாலைந்து பேர், பரணிலிருந்து இறக்கிய பழைய பிலிம்களை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெறும் கோடு மட்டும் இருந்த பிலிம் ஒவ்வொன்றின் மூலையிலும் கத்தியால் கீறிய ஒரு 'அ' இருந்தது.

"என்ன பாட்டி இது? யாரோ இங்கன உக்காந்து எழுதிப் பழகியிருக்காக?"

"நாந்தான் பழகுனேன். அம்புட்டு வருசம் பழகியும் அடுத்த எழுத்து வரல" என்றேன்.

சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு, நிஜமாகவே அது எதற்கு என்று கேட்டார்கள். சொல்லத் தொடங்கினேன். எல்லார் டீயும் ஆறிப்போனது. "எழுதிக் குடுங்க பாட்டி" என்றார்கள். நான் ஐந்தாம் வகுப்பு, அதிலும் அரைப்பரீட்சை வரைக்கும்தான். நான் எழுதியதை என் மகள் திருத்தினாள். அவள் திருத்தியதை நான் மறுபடியும் கெடுத்தேன். மிஞ்சியது இது.

சிவகாசிப் பக்கத்தில் பிறந்தவளுக்கு முதல் வேலை என்னவாக இருக்கும்? வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில், குழாய்க்குள் மருந்து அடைக்கும் ரூமில் இருந்தேன். ரூமுக்கு நாலு பேர். செருப்பு வாசலோடு சரி. பேச்சைக் குறைக்க வேண்டும் என்பார்கள். எனக்கு அதுதான் மூச்சு முட்டும். ஒரு நாள் தண்ணீர் குடிக்க வெளியே வந்தேன். பக்கத்து ரூம் போய்விட்டது. 'போய்விட்டது' என்றுதான் நாங்கள் சொல்வோம். அதற்கு மேல் அதைப் பற்றி எழுதமாட்டேன். வாசலில் கிடந்த என் செருப்பை எடுக்கக்கூட நான் திரும்பவில்லை. வெறுங்காலோடு வீடு வரைக்கும் நடந்தேன். நடந்த தூரம் பூராவும் ஒரே முடிவுதான்: மருந்து ரூம் படியை இனி மிதிப்பதில்லை.

அப்புறம் பிரஸ். கொஞ்ச காலம் காகிதத் தூசி கூட்டினேன். கொஞ்ச காலம் அச்சடித்த ஷீட்டுகளை எண்ணினேன். கூட்டும்போதும் எண்ணும்போதும் என் கண் பேஸ்டிங் மேஜை மேலேயே இருந்ததைப் பார்த்து, ஒரு நாள் அங்கேயே உட்கார வைத்துவிட்டார்கள்.

பேஸ்டிங் என்றால் என்ன என்று இப்போதைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அப்போது பக்கத்தைக் கம்ப்யூட்டரிலிருந்து நேராகப் பிளேட்டில், அதாவது அச்சுத் தகட்டில், இறக்க முடியாது. படம் ஒரு பிலிம், எழுத்து ஒரு பிலிம், கோடு ஒரு பிலிம் என்று துண்டு துண்டாக வரும். கண்ணாடி மேஜை, அதன் அடியில் டியூப் லைட். மேஜை மேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன் மேல் இந்தத் துண்டுகளை இடம் பார்த்து டேப் போட்டு ஒட்டுவோம். அதைப் பிளேட் மேல் கவிழ்த்து, வெளிச்சம் காட்டிப் பதிப்பார்கள். பிலிமுக்கு இரண்டு முகம் உண்டு. ஒன்று வழவழப்பு, இன்னொன்று மருந்து பூசிய முகம். மருந்து முகம் மேலே பார்க்கிற மாதிரி ஒட்ட வேண்டும். அப்படி ஒட்டினால் எங்கள் கண்ணுக்கு எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பித்தான் தெரியும். அதனால் நேரான எழுத்தைவிடத் திரும்பின எழுத்தை நான் வேகமாக வாசிப்பேன். பஸ்ஸில் போர்டு பார்க்கத்தான் தடுமாறுவேன்.

எது மருந்து முகம் என்று எப்படித் தெரியும்? ஓரத்தை உதட்டில் லேசாக வைத்து எடுக்க வேண்டும். மருந்து முகம் உதட்டோடு ஒட்டும், மற்றது வழுக்கும். பட்டாசு மருந்துக்குப் பயந்து ஓடி வந்தவள், இங்கே வந்து மருந்துக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் சூப்பர்வைசர் சங்கரவேல் அண்ணாச்சி. அவர் திட்டி நான் கேட்டதில்லை. ஒட்டி முடித்ததை அவர் முன்னால் வைத்தால், லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு மூலையிலிருந்து மூலைக்குப் போவார். சரியாக இருந்தால் ஸ்கேலால் மேஜையில் ஒரு தட்டு. சரியில்லை என்றால் இரண்டு தட்டு. எங்கே சரியில்லை என்று சொல்லமாட்டார். நாமே தேட வேண்டும். ரொம்பப் பெரிய தப்பு என்றால் தட்டவே மாட்டார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். துடைத்து மறுபடி மாட்டுவதற்குள் எதிரே நிற்கிறவளுக்கு அழுகை வந்துவிடும்.

எனக்காக அவர் முதன்முதலில் கண்ணாடியைத் துடைத்தது ஒரு காலண்டர் விஷயத்தில். விருதுநகர் எண்ணெய்க் கடைக்காரர் ஒருவரின் ஆர்டர், பிள்ளையார் படம். பிள்ளையார் எந்தப் பக்கம் பார்த்தாலும் அழகுதான் என்பதால் நான் முகம் மாற்றி ஒட்டியது யாருக்கும் தெரியவில்லை. அச்சாகி வந்த பிறகு பார்த்தால், தும்பிக்கை வலது பக்கம் திரும்பிவிட்டது. கடைக்காரர் நேரில் வந்துவிட்டார்.

"நான் சாதாரணப் பிள்ளையாருல்லா கேட்டேன்? நீங்க வலம்புரியாக்கிட்டீக. வலம்புரிக்கு ஆசாரம் பாக்கணும். என் கடையில கருவாட்டு மூட்டை இருக்கு!"

முழுவதும் மறுபடி அடித்துக் கொடுத்தோம். முதலாளி என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "முத்தம்மா, இன்னொரு தடவ திருப்பி ஒட்டுனா வாசல்தான்."

எனக்கு அப்போது ஐம்பது வயது. ஒரு பிரஸ்ஸில் துரத்தின ஐம்பது வயதுக்காரியை இன்னொரு பிரஸ் சேர்க்காது. வாசல் என்றால் மருந்து ரூம் வாசல் என்றுதான் என் காதில் விழுந்தது.

இப்படி இருக்கும்போதுதான் மீன் சார் வந்தார். ஏதோ ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடச் சுவரில் மாட்டுகிற சார்ட்டுக்கு, தாடையுள்ள மீன்களின் வம்ச மரம் என்று ஒன்றைத் தன் கையால் வரைந்து கொண்டுவந்திருந்தார். அடியில் ஒரு தண்டு, மேலே ஏழு நுனி, நுனிக்கு ஒரு பிராணி. இடமிருந்து வலமாகத் தகட்டு மீன், சுறா, திருக்கை, கெண்டை, சீலகாந்த் என்ற ஆழ்கடல் மீன், நுரையீரல் மீன், தவளை.

சாருக்கு ஒரு குணம். ஒட்டுகிறவளுக்கும் பாடம் புரிய வேண்டும் என்பார். மேஜை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"மொதல்ல மீனுக்குத் தாடையே கெடையாதும்மா. வாய் ஒரு ஓட்டை, உறிஞ்சும், அவ்வளவுதான். அப்புறம் செவுளைத் தாங்கிக்கிட்டு இருந்த வளைவுல ஒண்ணு முன்னால வந்து தாடை ஆயிருச்சுன்னு சொல்றாங்க. மூச்சு விட இருந்தது, கடிக்க ஆயிருச்சு."

"எம் மருமகளுக்கும் அப்படித்தான் சார் ஆயிருக்கும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தார். படித்தவர்களுக்கு நேரம் பிடிக்கும்.

தகட்டு மீனுக்குத் தலையில் இரும்புத் தொப்பி மாதிரி எலும்புத் தகடு. அந்த வம்சம் பூண்டோடு அற்றுப்போய்விட்டது. சுறாவுக்கும் திருக்கைக்கும் எலும்பு கிடையாது, குருத்துதான். அது எனக்கே தெரியும். தூத்துக்குடியிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் பால்சுறாவில் புட்டு செய்யும்போது நெஞ்சில் குத்தும் முள் வராது. மார்க்கெட்டில் கெண்டை வாங்கினால் செவுள் மூடியைத் தூக்கிச் சிவப்பு பார்ப்போம். சுறாவில் தூக்க மூடியே இல்லை, வரிசையாகக் கீறல்தான் இருக்கும். இதை நான் சொன்னதும் சார் எழுந்து நின்றுவிட்டார்.

"இதைத்தாம்மா நான் மூணு வருசம் நடத்துவேன். நீங்க சட்டியில வெச்சு முடிச்சிட்டீங்க."

"சட்டியில வெச்சா பத்து நிமிசம் சார். மூணு வருசம் வெச்சா கருகிரும்."

ஒன்றே ஒன்றில்தான் நான் மடக்கப்பட்டேன். குளம் வற்றினால் சேற்றில் புதைந்து காற்றைக் குடித்துக்கொண்டு நுரையீரல் மீன் உயிரோடு கிடக்கும் என்றார். எங்கள் வெம்பக்கோட்டை டேமில் விரால்கூட அப்படித்தானே கிடக்கும், இரண்டும் ஒரே சாதியா என்று கேட்டேன்.

"இல்லம்மா. விரால் துடுப்பு விசிறி மாதிரி, கம்பி கம்பியா இருக்கும். அது கெண்டைக்குப் பங்காளி. நுரையீரல் மீனோட துடுப்புல சதையும் எலும்பும் உண்டு, கை மாதிரி. அந்த மாதிரிக் கைதான் கரையேறித் தவளையாச்சு, பல்லியாச்சு, நீங்களும் நானும் ஆனோம். ஒரே பழக்கம் இருந்தா ஒரே குடும்பம் ஆயிராது. யார் யாருக்குப் பொறந்தாங்கன்னு பாக்கணும்."

பிறகு நுரையீரல் மீனும் தவளையும் பிரிகிற கவட்டையில் விரலை வைத்தார். "பழைய சார்ட்டுல எல்லாம் மீனை ஒரு பக்கம் கட்டி, தவளையைத் தனியா வெச்சிருப்பாங்க. நான் தவளையை மீன் கூட்டத்துக்குள்ளேயே ஒரு கிளையா வெச்சிருக்கேன். இந்த ஒரு கவட்டைக்காகத்தான் இந்தச் சார்ட்டே."

புரூஃப் போட்டோம். சார் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். கோடுகளை மட்டும் ஒரு நூல் அளவு மேலே ஏற்றச் சொல்லிவிட்டு, காரியாபட்டியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒரு நூல் ஏற்றுவதற்குக் கோட்டு பிலிமை எடுத்து மறுபடி ஒட்ட வேண்டும். மே மாதக் கடைசி. ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதால் சீசன் உச்சம். நான் பிலிமை உரித்துக் கையில் எடுத்த நிமிஷம் கரண்டு போனது. "ஜன்னல் வெளிச்சத்துல ஒட்டிரும்மா, பிளேட்டுக்கு நேரமாச்சு" என்றார் அண்ணாச்சி. உதட்டில் வைத்துப் பார்க்கலாம் என்றால், கரண்டு போன சந்தோஷத்தில் நான் ஒரு வாய் சேவு போட்டிருந்தேன். உதடு பூராவும் எண்ணெய். எண்ணெய் பட்டால் பிலிம் பாழ். கண்ணால் பார்த்தே ஒட்டிவிட்டேன்.

எழுத்து பிலிமாக இருந்தால் முகம் மாறியது உடனே தெரியும். இது வெறும் கோடு. ஏழு நுனிக்கும் சம இடைவெளி. திருப்பிப் போட்டாலும் ஏழு கோடும் ஏழு பிராணியின் காலடியில் ஒழுங்காகப் போய் நிற்கும். நின்றது. அவசரத்தில் அண்ணாச்சியும் ஒரு தட்டுத் தட்டிவிட்டார்.

மறுநாள் காலையில் சார்ட்டு மிஷினில் ஏறியது. பாதிக்கு மேல் ஓடிய பிறகு, அந்தப் பக்கமாகப் போனவள் ஒரு ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது கோட்டின் ஒல்லி. புரூஃபில் இருந்ததைவிட மெலிந்திருந்தது. முகம் மாற்றி ஒட்டிய பிலிம் பிளேட்டோடு பதியாமல் நிற்கும். இடையில் வெளிச்சம் புகுந்து கோட்டைத் தின்னும். பிறகு கோடு போகிற வழியைப் பார்த்தேன். தகட்டு மீனுக்குப் போட்ட கோட்டில், தண்டிலிருந்து முதலிலேயே தவளை பிரிந்து தனியாக நின்றது. சுறாவும் திருக்கையும் சேர வேண்டிய கவட்டையில் நுரையீரல் மீன் சீலகாந்தோடு ஜோடி சேர்ந்திருந்தது. மீன் எல்லாம் ஒரே கட்டு. பார்க்க அவ்வளவு லட்சணம். அதனால்தான் யாருக்கும் உறுத்தவில்லை.

பொய் சொல்ல விரும்பவில்லை, அந்த ஷீட்டை மடித்துச் சேலைக்குள் செருகிக்கொண்டு பின்பக்கம் போய் நின்றேன். சார் ஊரில் இல்லை. சாயங்காலம் மதுரைக்கு லோடு ஏறிவிடும். வாயைத் திறந்தால் வாசல். ஆனால் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்துச் சுவரிலும் இது தொங்கும். அந்தத் தவளை போகும்போதும் வரும்போதும் கண்ணை உருட்டி என்னையே பார்க்கும். சார் விரல் வைத்த இடம் நினைவுக்கு வந்தது. நேராக மிஷினுக்குப் போனேன்.

மிஷின் ஓட்டுகிறவன் பாண்டி. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன்.

"பாண்டி, மிஷின நிறுத்து."

"ஏக்கா? மை சரியாத்தான வருது?"

"மை சரிதான். நாந்தான் சரியில்ல. நிறுத்துலே."

"அண்ணாச்சி சொல்லணும்லா?"

"அவுக வர்றதுக்குள்ள நீ இன்னும் நூறு தவளைய அநாதையாக்கிருவ. நிறுத்து!"

நிறுத்தினான். சத்தம் நின்றதும் அண்ணாச்சி வந்துவிட்டார். ஷீட்டையும் புரூஃபையும் பக்கத்தில் வைத்து லென்ஸில் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். அன்றைக்கு நான் அழவில்லை.

"கரண்டு இல்லாதப்போ ஒட்டுனதா?"

"ஆமா அண்ணாச்சி. உதட்டுல வெச்சுப் பாக்கல. சேவு எண்ணெய்."

"சேவா?"

"சாத்தூர் சேவு."

"எந்த ஊருன்னு நான் கேக்கல."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "முதலாளிக்குச் சொன்னா என்ன ஆகும்னு தெரியும்லா? மறுபடி மருந்து ரூமுக்குப் போவியா?"

"போகமாட்டேன்."

"அப்போ?"

"இந்தச் சார்ட்டும் போகக்கூடாது அண்ணாச்சி."

முதலாளி அறைக்குப் போனோம். பாண்டியும் கை துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். முதலாளி ஷீட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"தவள தனியா நிக்கி. மீனெல்லாம் ஒண்ணா இருக்கு. பாக்க நல்லாத்தானய்யா இருக்கு?"

"அதான் முதலாளி தப்பே" என்றேன்.

"லோடு சாயங்காலம் ஏறணும். மீனு எந்தக் கெளையில இருந்தா என்ன? யாரு ஏறிப் பாக்கப் போறா?"

அவர் தலைக்கு மேல் சுவரில் ஒரு குடும்பப் போட்டோ மாட்டியிருந்தது. அவர் அப்பா நடுவில் உட்கார்ந்திருப்பார். ஒரு பக்கம் முதலாளி வேட்டியோடு. இன்னொரு பக்கம் சென்னைக்குப் போய்விட்ட தம்பி, கோட்டு சூட்டோடு. ஓரத்தில் பழைய கணக்குப்பிள்ளை, அவரும் வேட்டி.

"முதலாளி, இந்தப் போட்டாவுல வேட்டி கட்டுன மூணு பேரும் ஒரு குடும்பம், கோட்டு போட்டவரு வேற ஆளுன்னு ஒருத்தன் எழுதி மாட்டுனா என்ன செய்வீக?"

"பல்ல ஒடப்பேன். அவன் எங்கூடப் பொறந்தவன். ஓரத்துல நிக்கவருதான் வெளியாளு."

"அதேதான். தவள கோட்டு போட்ட உங்க தம்பி. வெளியூரு போனாரு, உடுப்ப மாத்திட்டாரு. நுரையீரல் மீனு நீங்க. வேட்டியோட ஊர்லயே இருக்கீக. கெண்ட, கணக்குப்பிள்ள. உங்களையும் கணக்குப்பிள்ளையையும் ஒரு கட்டாக் கட்டி, தம்பியத் தெருவுல நிறுத்தியிருக்கேன். நிறுத்துனது நாந்தான். திருப்பி ஒட்டிட்டேன்."

"என்னைய மீனுங்கியா?"

"நுரையீரல் உள்ள மீனு முதலாளி. ரொம்பக் கௌரவமான மீனு."

பாண்டி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். முதலாளி சிரிக்கவில்லை. காரியாபட்டிக்குப் போன் போட்டார். சார் பேசியது எங்களுக்கும் கேட்டது. நின்று நிதானமாகப் பேசுகிறவர் அன்றைக்குக் கத்தினார். "தவளை தனியா நின்னா அது என் சார்ட்டே இல்லைங்க. என் பேரை எடுத்துருங்க!"

முதலாளி போனை வைத்துவிட்டு அந்தப் போட்டோவை நிமிர்ந்து பார்த்தார். "லோடு நாளைக்குன்னு மதுரைக்குச் சொல்லிரு" என்றார் அண்ணாச்சியிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "முத்தம்மா, நான் என்ன சொல்லியிருந்தேன்?"

"வாசல்தான்னு சொன்னீக."

அப்போது அண்ணாச்சி பேசினார். "இருட்டுல ஒட்டச் சொன்னது நான். பாக்காமத் தட்டுனதும் நான். அனுப்புறதா இருந்தா ரெண்டு பேரையும் அனுப்புங்க. ஆனா புதுப் பிளேட்டுக்கு ஒட்டணும். அந்த மரம் இந்தம்மா தலைக்குள்ளதான் இருக்கு. ஒட்டிட்டுப் போகட்டும்."

"ஒட்டட்டும்" என்றார் முதலாளி. "அப்புறம் பாக்கலாம்."

'அப்புறம் பாக்கலாம்' என்றவர், நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் பார்க்கவில்லை.

சோப்புப் போட்டு உதட்டைக் கழுவினேன். பாண்டி பார்த்துவிட்டு, "ஏக்கா, பொண்ணு பாக்க வாராகளா?" என்றான். மேஜை விளக்கைப் போட்டு, கோட்டு பிலிமை உரித்து, உதட்டில் வைத்தேன். ஒட்டியது. ஒட்டிய முகத்தை மேலே வைத்தேன். உடனே டேப் போடவில்லை. எழுத்து இருந்திருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காதே என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. கோடுதானே என்று விட்டதுதானே வினை. வெட்டுக் கோட்டுக்கு வெளியே, மூலையில், அச்சில் வராத இடத்தில், கத்தி நுனியால் ஒரு 'அ' கீறினேன். மேஜையில் திரும்பித் தெரிகிற மாதிரி கீறினேன். அந்த எழுத்து நேராகத் தெரிந்தால் பிலிம் தப்பாக இருக்கிறது என்று அர்த்தம்.

அண்ணாச்சி லென்ஸோடு வந்தார். கவட்டை கவட்டையாகப் போனார். தவளையிலிருந்து இறங்கி நுரையீரல் மீனிடம் ஏறினார். கடைசியில் மூலைக்கு வந்தார்.

"இது என்ன?"

"வழிகாட்டி அண்ணாச்சி."

லென்ஸை அதன் மேல் வைத்தார். பிறகு ஸ்கேலால் ஒரு தட்டு. மறுநாளிலிருந்து, 'அ' இல்லாத கோட்டு பிலிம் பிளேட்டுக்குப் போகக்கூடாது என்று எல்லா மேஜைக்கும் சொல்லிவிட்டார். மேஜை பக்கத்தில் சேவு தின்னக்கூடாது என்று பெரிய எழுத்தில் ஒரு போர்டும் அடித்து மாட்டினார். அந்தப் போர்டுக்கும் நான்தான் ஒட்டினேன்.

அது சரி, தப்பாக அடித்த ஷீட்டெல்லாம் என்ன ஆனது என்று பெண்கள் கேட்டார்கள். எங்கள் ஊரில் கழிவுத் தாள் எங்கே போகும்? பட்டாசுக்குக் குழாய் சுருட்டுகிறவர்கள் கட்டுக் கட்டாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தத் தீபாவளிக் காலையில் எங்கள் தெருவில் வெடித்துச் சிதறிய காகிதத்தில் ஒரு துண்டு என் காலடியில் வந்து விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். தவளையின் ஒரு கண், பக்கத்தில் ஒல்லியாக ஒரு கோடு.

மருந்து ரூமுக்கு நான் திரும்பிப் போகவே இல்லை. என் தப்புதான் எனக்குப் பதிலாகப் போய், வயிறு நிறைய மருந்தை அடைத்துக்கொண்டு, வெடித்துவிட்டு வந்தது. சத்தம் நன்றாகத்தான் இருந்தது.